விக்கல் என்று நினைத்தோம்: வலையில் சிக்கிய சாரைப்பாம்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குப் போகும் பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இங்கே எழுதுவது ஒரு ஜனவரிச் சனிக்கிழமை தொடங்கி அடுத்த புதன்கிழமை முடிந்த விஷயம். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பி இருக்க முடியாததால் எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பல குடும்பங்கள் மரக்கறியும் செய்கின்றன. இந்தக் குடும்பம் கால் ஏக்கரில் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்தது. முள்ளம்பன்றிக்கும் முயலுக்கும் பயந்து பாத்தியைச் சுற்றி நைலோன் வலை கட்டியிருந்தார்கள். வலையின் மேல்விளிம்பு கம்பில் இழுத்துக் கட்டியிருக்கும். கீழ்விளிம்பு தரையில் தளர்ந்து சுருண்டு கிடக்கும். எலியைத் தேடிவரும் சாரைக்கு அந்தச் சுருள்தான் பொறி. முந்தின போகத்தில் இரண்டு சாரைகள் அப்படிச் சிக்கின. அசைவில்லாமல் கிடந்ததால் குழிதோண்டிப் புதைத்தார்கள். அவை உண்மையில் செத்திருந்தனவா என்று இன்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை காலை: முதலில் கண்டது

காலை 6.10க்கு, பத்தாம் தரத்தில் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளை என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சேர், எங்க போஞ்சிப் பாத்தியில சாரை ஒன்னு மாட்டிக்கிட்டுக் கெடக்கு. சித்தப்பா செத்துப்போச்சுன்னு சொல்றாரு. எனக்கு அப்பிடித் தெரியல."

போய்ப் பார்த்தபோது பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. என் போன் 11 பாகை என்றது. பாம்பு சுமார் ஐந்தரை அடி. பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள், மெலிந்த கழுத்து. சாரைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த நிச்சயம் இருந்ததால்தான் கிட்டே போனேன். தேயிலைச் சருகுக்குள் கிடக்கும் குனகட்டுவா என்ற சிறு விரியனாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. அதன் விஷத்தை இங்கே ஆஸ்பத்திரிகளில் உள்ள எதிர்விஷ மருந்து முறிக்காது. அதற்குக் கிட்டே நானும் போகமாட்டேன், பிள்ளைகளையும் விடமாட்டேன்.

வலை இரண்டு இடத்தில் இறுகியிருந்தது. ஒன்று தலையிலிருந்து ஒன்றரை அடியளவில், மற்றது வாலருகே. முன்பக்க இறுக்கம் மோசம், செதில்கள் கிளம்பித் தோல் கிழிந்திருந்தது.

இங்கேதான் என் முதல் பிழை. சித்தப்பாவின் சவரக் கண்ணாடியை வாங்கி, பாம்பின் மூக்குத் துவாரத்தருகே பிடித்தேன். ஆவி படியவில்லை. கழுத்துக்கும் முன்பக்க வலைக்கும் இடையில் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தேன். அசைவில்லை. "போயிருச்சு போல" என்று நானே சொன்னேன். சித்தப்பா மண்வெட்டியை எடுத்தார்.

கண்ணாடிச் சோதனை எவ்வளவு அபத்தம் என்பது அன்று இரவு படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. நம் மூச்சு 37 பாகைச் சூட்டில் ஈரத்தோடு வெளிவந்து குளிர்ந்த கண்ணாடியில் படுகிறது, அதனால் ஆவி படிகிறது. இரவெல்லாம் பனியில் கிடந்த பாம்பின் உடல் காற்றின் குளிருக்கே இறங்கியிருக்கும். கண்ணாடியும் அதே குளிரில்தான் இருந்தது. உயிரோடு மூச்சுவிட்டாலும் அங்கே படிய என்ன இருக்கிறது?

"சேர், அங்கே பாக்காதீங்க. நடு ஒடம்பப் பாருங்க" என்றாள் பிள்ளை.

வலைக்கு இரண்டு சாண் பின்னால், விலாப்பக்கம் மெல்ல உப்பியது. பிறகு ஒன்றுமில்லை. போனில் நேரம் பிடித்தோம். அடுத்த மூச்சு 3 நிமிடம் 40 செக்கன் கழித்து வந்தது. அதற்கடுத்தது 4 நிமிடத்துக்கும் மேல். இரண்டு தடவையும் வலைக்குப் பின்னால் உள்ள பகுதிதான் அசைந்தது, முன்பக்கம் அசையவேயில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்கு நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே பிரிமென்றகடு இருக்கிறது. அது கீழிறங்கினால் சுவாசப்பைக்குள் காற்று வருகிறது. பாம்புக்கு அது இல்லை. விலா என்புகளுக்கு இடையிலும் பக்கங்களிலும் உள்ள தசைகளால்தான் அது காற்றை இழுத்துத் தள்ளுகிறது. அந்த விலா என்புகளோ உடலின் பெரும்பகுதி நீளத்துக்கு இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். 2022இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபானோவும் சக ஆய்வாளர்களும் போவா பாம்புகளின் உடலில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கட்டி இறுக்கிப் பார்த்தார்கள். முன்பக்கம் இறுகியபோது பாம்பு பின்பக்க விலா என்புகளை அசைத்து மூச்சுவிட்டது. இரையைச் சுற்றி இறுக்கும்போதும் விழுங்கும்போதும் போவா மூச்சடைத்துச் சாகாமல் இருப்பதற்கு இது ஒரு விளக்கம். சாரை போவாவைப்போல இரையைச் சுற்றி இறுக்கும் பாம்பல்ல. ஆனாலும் அன்று போஞ்சிப் பாத்தியில் நாங்கள் கண்டது அதே சங்கதிதான் என்று நினைக்கிறேன். உயிரோடு இருந்த மூச்சை நான் தேடியது தவறான இடத்தில்.

நேர இடைவெளிக்கும் காரணம் உண்டு. ஓய்வாக இருக்கும் ஊர்வனவற்றின் அனுசேபம் (உடல் சக்தியைச் செலவிடும் வேகம்), அதே எடையுள்ள முலையூட்டியின் அனுசேபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உடல் வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அதுவும் பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ சுருங்கிவிடும். ஒட்சிசன் தேவை அவ்வளவு குறைவாக இருக்கும்போது அடிக்கடி மூச்சு எதற்கு? நாம் மூச்சை வெளியே விட்ட பின் சற்று நிற்கிறோம். பாம்பு காற்றை உள்ளே இழுத்து, நிறைந்த சுவாசப்பையோடு நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நிற்றல்தான் சாவாகத் தெரிகிறது.

வலையை வெட்டியது

கவ்வாத்துக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. வேண்டாம் என்றேன். இறுகிய நைலோனுக்கும் தோலுக்கும் இடையில் கத்தி போக இடமில்லை. பிள்ளையின் தையல் கத்தரிக்கோலால் வெளிச்சுற்றிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக வெட்டினோம். தலையை ஒருவர் தடித்த சாக்கால் பொத்திப் பிடித்திருந்தார். விஷமில்லாத பாம்பென்றாலும் சாரை நன்றாகக் கடிக்கும். செத்ததாக நினைத்த பாம்பு திடீரென்று திரும்பும் என்பதை யாரும் மறக்கக் கூடாது. வெட்டித் துண்டாக்கிய பாம்பின் தலைகூடச் சற்று நேரம் கடிக்கும். வெட்டி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

இந்த முடிவு சரியாகவே அமைந்தது. புதிய காயம் ஒன்றும் ஏற்படவில்லை.

அடுப்படியில்: இரண்டாவது, மூன்றாவது பிழைகள்

பாம்பு விறைத்துக் கிடந்தது. வெயில் ஏற இன்னும் ஒரு மணித்தியாலமாவது ஆகும். பிள்ளையின் அப்பாயி, "அடுப்புக்கிட்ட வச்சா உசுரு வந்துரும்" என்றார். சூடு தேவை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் லயத்து அடுப்படி என்றால் விறகுப் புகை. அது தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அந்த வயதான மனிஷியின் அக்கறைக்கு முன்னால் மறுத்துப் பேச எனக்குக் கூச்சம், அதுதான் உண்மை.

ஒரு பிளாஸ்டிக் கூடையில் சாக்கு விரித்துப் பாம்பைப் போட்டு, அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தார்கள். கால் மணித்தியாலத்தில் உடல் இளகியது. மூச்சு அரை நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். சிக்னலுக்காக நான் கோயில் வளைவுக்குப் போய் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்தேன். வேறொரு தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய விலங்குக்காக வாகனம் போயிருப்பதாகவும், திங்கட்கிழமை வருவதாகவும், அதுவரை இருட்டான பெட்டியில் தொந்தரவில்லாமல் வைக்கும்படியும் சொன்னார்கள்.

நான் திரும்பி வர இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

"சேர், இப்பத்தான் வாயைத் தொறந்து தொறந்து விக்கிச்சு. பாவமா இருந்திச்சு. பாலு ரெண்டு கரண்டி ஊத்துனேன், குடிச்சிருச்சு" என்றார் அப்பாயி, முகமெல்லாம் மலர்ச்சியாக.

விக்கல் எடுத்தால் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். பாம்புக்குப் பால் வார்ப்பதும் நம் வழக்கம். அவர் செய்ததில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஆனால் அது விக்கல் அல்ல. விக்கல் என்பது பிரிமென்றகடு திடீரென இழுத்துக்கொள்வது. அது இல்லாத உடலில் விக்கல் வர வழியே கிடையாது. தலையைத் தூக்கி வாயைத் திறந்தது மூச்சுத் திணறல். புகையும் காயமும் சேர்ந்து அப்படிச் செய்திருக்க வேண்டும்.

பாம்பின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளிவரும் உறைக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு குழாய்வாய் இருக்கும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். முழு எலியை விழுங்கும்போது அந்தக் குழாயை வாய்க்கு வெளியே நீட்டி மூச்சுவிடும் வசதி பாம்புக்கு உண்டு. நமக்கு அது தொண்டைக்குள் ஆழத்தில் இருக்கிறது, விழுங்கும்போது மூடியும் கொள்கிறது. பாம்பின் வாயில் முன்பக்கமாக ஊற்றும் திரவத்துக்கோ மூச்சுக்குழல்தான் கிட்டிய வாசல். அதிலும் மூச்சுக்காக அது திறந்திருக்கும் வேளையில் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். உள்ளே போனதை நம்மைப்போல இருமித் தள்ளப் பாம்பால் முடியாது.

எனக்கு அப்போது கை நடுங்கியது. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. பாம்பின் தலையைத் தாழ்த்தி, உடலைச் சாய்த்துப் பிடித்திருந்தால் கொஞ்சமாவது வடிந்திருக்கலாம் என்று பின்னர் கால்நடை வைத்தியர் சொன்னார். நான் செய்தது கூடையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் களஞ்சிய அறைக்கு ஓடியதுதான்.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், காலை வெயில் படும் சுவரோரம் வைத்தேன். சனி மாலை பாம்பு சுருண்டு படுத்தது, நாக்கை நீட்டியது. ஞாயிறு காலை மூக்குத் துவாரத்தில் சிறு குமிழி. மதியத்துக்குள் மூச்சோடு கரகரவென்ற சத்தம். தலையைப் பெட்டியின் சுவரில் சாய்த்து மேலே தூக்கியபடியே இருந்தது. தாழ்த்தினால் மூச்சு முட்டியிருக்கும் போல.

திங்கள் பிற்பகல் திணைக்கள உத்தியோகத்தர் வந்து, நகரத்தில் உள்ள அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனார். நானும் கூடப்போனேன். வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை உடலின் முன்பாதியில் போட்டார். பின்பாதியிலிருந்து வரும் குருதியின் ஒரு பகுதி இதயத்துக்கு வருமுன் சிறுநீரகம் வழியாகப் போவதால், மருந்து அங்கேயே கழிந்துவிடக் கூடும் என்றார். ஆடு மாடு பார்ப்பவர் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தது எனக்கு ஆறுதல்.

செவ்வாய் மாலை பாம்பு அசைவதை நிறுத்தியது. வைத்தியர் உடனே செத்தது என்று எழுதவில்லை. ஊர்வனவற்றின் இதயம் உயிர் போன பிறகும் துடிக்கும், இதயம் ஓய்ந்ததுபோல் இருந்து திரும்புவதும் உண்டு என்று சொல்லி, அறையிலேயே இரவு முழுக்க வைத்திருந்தார். புதன் காலை உடல் விறைத்திருந்தது. உத்தியோகத்தரின் அனுமதியோடு திறந்தார்.

திறந்தபோது

இதயம் உடலின் முதல் கால்பங்குக்குள் இருந்தது. இடது சுவாசப்பை ஒரு சிறு மொட்டு அளவுதான். வலது சுவாசப்பை ஒரு நீண்ட குழாய். அதன் முன்பகுதி தேனடைபோல அறை அறையாக, சிவந்து, குருதிக் குழாய்கள் நிறைந்தது. பின்பகுதி பலூன்போல மெல்லிய வெறும் பை, அதில் குருதிக் குழாய்கள் மிகக் குறைவு. ஒட்சிசன் எடுப்பது முன்பகுதி. பின்பகுதி காற்றை இழுத்து வைக்கும் துருத்தி.

வலை இறுக்கிய இடம் தேனடைப் பகுதியின் மேலேயே விழுந்திருந்தது. அங்கே திசு கன்றிக் கறுத்திருந்தது. அதற்கும் பின்னால் வெள்ளையாகத் திரிந்த கசடு. பாலா, சீழா என்று கேட்டேன். இரண்டும் கலந்திருக்கலாம் என்றார் வைத்தியர். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப்போல ஒழுகாது, பாலாடைக்கட்டிபோலக் கட்டியாகிவிடும். அதனால்தான் அவற்றின் சுவாசப்பையில் கிருமி புகுந்தால் எடுப்பது கடினம்.

வலை கொன்றதா, பால் கொன்றதா? பிரித்துச் சொல்ல முடியாது என்றார். வலைக் காயம் மட்டும் இருந்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது என்று அவர் சொன்னதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் சொன்னது

அப்பாயியிடம் வலைக் காயத்தால் செத்தது என்று மட்டும் சொல்லலாம் என்பது என் முடிவு. பிள்ளை அதை ஏற்கவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாள் என்னைக் கண்டதும் அப்பாயி கேட்டார்: "விக்கல் எடுக்காத உசுரும் இருக்கா சேர்?"

அதுவே அடுத்த பாடமாயிற்று. வியாழக்கிழமை பத்தாம் தர வகுப்பில், எதற்கெல்லாம் விக்கல் வரும், எதற்கு வராது என்று பிள்ளைகள் ஒவ்வொரு மிருகமாகக் கேட்டார்கள். இவ்வளவு காலமும் "ஊர்வன சுவாசப்பையால் சுவாசிக்கும்" என்று ஒரே வரியில் கடந்துபோன பாடம் அன்று இரண்டு பாடவேளையை விழுங்கியது.

பிரிமென்றகடு உள்ளவை முலையூட்டிகள்தான், அதனால் நாய்க்கும் பூனைக்கும் வரும். தவளைக்கு வராது. அது தொண்டையைத் தாழ்த்தி வாய்க்குள் காற்றை எடுத்து, பிறகு தொண்டையை உயர்த்தி அதை உள்ளே தள்ளுகிறது, தோலாலும் சுவாசிக்கிறது. கோழி? அதற்குச் சுவாசப்பையோடு காற்றுப்பைகள் இருக்கின்றன, காற்று ஒரே திசையில் ஓடுகிறது. அதே ஒருதிசை ஓட்டத்தை 2010இல் அலிகேட்டர் என்ற அமெரிக்க முதலை வகையிலும், 2013இல் ஒரு வகை ஆபிரிக்க உடும்பிலும் கண்டுபிடித்தார்கள். பறவைக்கும் முதலைக்கும் உள்ள பழைய சொந்தம் அதில் தெரிகிறது. முதலைக்கு வேறொரு தந்திரமும் உண்டு. ஒரு தசை ஈரலைப் பின்னோக்கி இழுக்க, நெஞ்சறை விரிகிறது. நம் பிரிமென்றகட்டின் வேலையை ஈரல் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆமையின் விலா என்புகள் ஓட்டோடு ஒட்டிவிட்டன, நெஞ்சை விரிக்கவே முடியாது. வயிற்றுத் தசைகளும் கால்களை உள்ளே வெளியே அசைப்பதும்தான் அதற்குத் துருத்தி. ஓட்டுக்குள் முழுக்க ஒடுங்கியிருக்கும் ஆமை அந்நேரம் மூச்சுவிடுவது எப்படி என்று ஒருவன் கேட்டான். பெரும்பாலும் விடாது, பொறுத்திருக்கும் என்றேன்.

ஓணானைப் பற்றிய கேள்விதான் எனக்குப் பிடித்தது. தேயிலைச் செடிமேல் அது கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடுவதை இங்குள்ள எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். ஓடும்போது உடலை இடமும் வலமும் வளைக்கும் அதே தசைகள்தான் மூச்சுக்கும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்வது கடினம். டேவிட் கரியர் 1987இல் இதை விளக்கி எழுதினார். உடும்பு மட்டும் தொண்டையால் காற்றைத் தள்ளி, நடந்துகொண்டே மூச்சுவிடும். அதனால்தான் அது நீண்ட தூரம் களைக்காமல் போகிறது.

இனி மாற்றுவது

குளிர்ந்த காலையில் அசையாமல் கிடக்கும் பாம்பைச் செத்தது என்று சொல்ல, இப்போது குறைந்தது பதினைந்து நிமிடம் எட்டி நின்று பார்க்கிறோம், முழு உடலையும். கண்ணாடி வேண்டாம். அதற்குப் பிறகும் நிச்சயமில்லை என்றால் வெயில் ஏறும் வரை விட்டுவிடுகிறோம்.

இன்ன பாம்பு என்று நிச்சயமில்லாவிட்டால் தொடுவதே இல்லை. யாருக்காவது கடிபட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு.

காயம்பட்ட ஊர்வனவற்றின் வாயில் பால், தண்ணீர், மருந்து எதையும் ஊற்றுவதில்லை. சூடு தேவையென்றால் வெயில், அல்லது துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். அடுப்படி கூடாது. இதைப் பிள்ளைகளே எழுதிக் களஞ்சிய அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த லயத்தில் இதை மற்றவர்களுக்குச் சொல்வது இப்போது அவர்தான்.

நான் மாற்ற வேண்டியது இன்னொன்றும் உண்டு. தெரிந்ததைக் கூச்சத்துக்காக விழுங்கியது. புகை கூடாது என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாம்பு வாயைத் திறந்திருக்காது, பால் கரண்டியும் வந்திருக்காது.

வலையைப் பொறுத்தவரை, கீழ்விளிம்பைத் தரையில் சுருள விடாமல் இழுத்து ஆணி அடித்தோம். போஞ்சிப் பாத்தியின் அடியில் மட்டும் நைலோனுக்குப் பதில் விறைப்பான கம்பி வலை போட்டோம். காசு அந்த ஒரு பாத்திக்குத்தான் போதுமாக இருந்தது. லீக்ஸ் பக்கம் பழைய வலையே கிடக்கிறது. பள்ளிக்கூடம் புறப்படுமுன் அந்தப் பிள்ளை கத்தரிக்கோலோடு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.